பஸ் வருவதற்குள்

“விலையை நீங்களே சொல்லுங்கய்யா. ஆனா அஞ்சு மணி பஸ் வர்றதுக்குள்ள இந்தப் பெட்டி இங்கேருந்து போயிடணும்” என்றாள் டியோலிண்டா.

ஒயின் வியாபாரி அபீலியோ அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டூரோ ஆற்றங்கரைக்காரர்கள் ஒயினுக்கு விலை பேச உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். சாப்பாடு முடிந்து, காபி முடிந்து, செத்துப்போன தாத்தாவின் பெருமையெல்லாம் பேசி முடித்து, அப்புறம்தான் தொகை வெளியே வரும். இந்த அம்மாளோ அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. காலையில் போன் செய்து, இன்றைக்கே வந்தால்தான் உண்டு என்று போர்ட்டோ நகரத்திலிருந்து அவரை விரட்டி வரவழைத்திருந்தாள்.

கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியால் நிலவறையைத் திறந்து அவள் பெட்டியைக் காட்டியதும் அவர் அதன் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு பாட்டில். தொண்ணூற்று நாலாம் வருடத்துப் போர்ட் ஒயின். பாட்டில்களின் மேல்பக்கம் போட்ட சுண்ணாம்புக் கோடுகூட அழியவில்லை. அந்தக் கோடு மேலே பார்த்தபடி கிடந்தால், இத்தனை வருடமும் யாரும் தொடவில்லை, அடியில் தங்கிய வண்டல் கலையவில்லை என்று அர்த்தம். பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இருவரும் பெட்டியை மேலே கொண்டுவந்து கூடத்தில் வைத்தார்கள்.

யாருக்காக எடுத்து வைத்தது என்று கேட்டார். மகன் டெல்மோ பிறந்த வருடத்து ஒயினாம். அவன் கல்யாணத்துக்கென்று அப்பா வாங்கிப் படுக்க வைத்தாராம். அப்பா போய்விட்டார், கல்யாணமும் ஆனபாடில்லை. அந்த மகன்தான் ஐந்து மணி பஸ்ஸில் வருகிறான். இவ்வளவையும் அவள் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். தூரத்தில் ஏதோ ஒரு லாரி உறுமினால்கூட அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஓஹோ, சங்கதி இதுதானா என்று நினைத்துக்கொண்டார் அபீலியோ. ஆழம் பார்ப்பதற்காக, நியாயமான விலையில் பாதியைச் சொன்னார். சரி என்று உடனே தலையாட்டிவிட்டாள். அங்கேதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை போலிச் சரக்கோ?

ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்க்க வேண்டும் என்றார். இவ்வளவு பழைய பாட்டிலில் தக்கை பொடிந்து உள்ளே விழும். இடுக்கியைப் பழுக்கக் காய்ச்சிப் பாட்டிலின் கழுத்தைக் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். இடுக்கி வண்டியில் இருக்கிறது, அடுப்பு மட்டும் கொடுத்தால் போதும்.

டியோலிண்டா பெட்டியை மறித்துக்கொண்டு நின்றாள். “இந்த வீட்டுக்குள்ள திறக்கக் கூடாது. வேணும்னா விலையை இன்னும் குறைச்சுக்குங்க.”

வாசலில் வைத்துத் திறக்கலாமா? அதுவும் கூடாது. போதாக்குறைக்கு, வீட்டில் ஒயின் கிளாஸே கிடையாது என்றாள். டூரோக்காரர் வீட்டில் ஒயின் கிளாஸ் இல்லையாம்! அபீலியோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இதைப் போர்ட்டோவுல போய்ச் சொன்னா என்னைத்தான் கிறுக்கன்னு சொல்வாங்கம்மா.”

அவள் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள்.

அவர் டார்ச்சை எடுத்து ஒவ்வொரு பாட்டிலாக நிறத்தையும், உள்ளே ஒயின் நிற்கும் மட்டத்தையும் பார்த்தார். முத்திரையைத் தடவினார். எல்லாம் அசல். அப்புறம் மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. பையன் பிறந்த வருடத்து ஒயினை மொத்தமாக வாரிக்கொண்டு போவது நன்றாகவா இருக்கும்? ஒரு பாட்டிலை அவனுக்கென்று விட்டுவிட்டுப் போகிறேன், அதற்காக விலையில் ஒரு காசு குறைக்க மாட்டேன் என்றார்.

“ஒண்ணுகூட வேண்டாம்” என்றாள். “எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா நானே கொண்டுபோய் ஆத்துல போட்டுடுவேன்.”

அபீலியோ டார்ச்சை அணைத்துப் பைக்குள் வைத்தார். கோபம் வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கே துரோகம் செய்கிற சரக்கு தனக்கு வேண்டாம், பையன் வரட்டும், அவன் சம்மதித்தால் முழு விலையும் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். இப்போதே எடுத்துப் போய்விடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்றாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் அசையவில்லை.

சாலையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டியோலிண்டா முகத்தை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தோளில் பையோடு ஒல்லியான ஒருவன் கேட் வரை வந்தான். திறந்த கதவு வழியே கூடத்தில் இருந்த பெட்டி அவன் கண்ணில் பட்டுவிட்டது. அப்படியே நின்றான். முகம் வெளுத்துப்போயிற்று. கேட்டின் கம்பியை அவன் இறுக்கிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, அம்மாவுக்கு இன்றைக்கு நல்ல பூசை இருக்கிறது என்று அபீலியோ நினைத்தார்.

அவரே வெளியே போனார். “தம்பி, அது உங்க பொருள். உங்களுக்குத் தெரியாம விக்கப் பாத்தாங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கலாம்னுதான் நின்னேன்.”

அவன் பெட்டியிலிருந்து கண்ணைப் பிடுங்கி எடுத்துத் தரையைப் பார்த்தான்.

“நேத்து போன் பண்ணி விக்கச் சொன்னதே நான்தாங்க” என்றான். “குடியை விடுறதுக்காக ஆறு மாசம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வர்றேன். தயவு செஞ்சு அதைச் சீக்கிரம் வண்டியில ஏத்துங்க, அதுவரைக்கும் என்னால வீட்டுக்குள்ள வர முடியாது.”