இதற்குச் சந்தை இல்லை

சோதனை மெஷினின் மேலிருந்த பச்சைப் பொட்டலத்தை ஜுவாங் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்த பெய்யுன் அதைப் பார்த்துவிட்டாள்.

உள்ளே இருப்பது வெறும் சோளப்பொரிதான். ஆனால் பச்சை உறை போட்ட ஒன்றை மேலே வைத்தால்தான் மெஷின் சமர்த்தாக ஓடும் என்பதில் தைவானின் ஸின்ச்சு நகரத்துப் பொறியாளர்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

“என்ன சார் இது? சேர்மன் வர்ற நேரம். என் மெஷினைப் படுக்க வைக்கணும்னே வந்தீங்களா?”

ஜுவாங் அந்த நிறுவனத்தின் சந்தைப் பிரிவுத் தலைவர். எது விற்கும், எது விற்காது என்று சேர்மனுக்குச் சொல்பவர். பெய்யுனின் குழு உருவாக்கிய பூட்டு சிப் விற்காது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பவர்.

“எடுத்துத் தேதியைப் பாரு. போன வாரமே முடிஞ்சு போச்சு. இதுகூடப் பார்க்கத் தெரியல, பெரிய இன்ஜினியருங்க!”

உண்மைதான். தேதி தாண்டிய பொட்டலம், பொட்டலமே இல்லாததைவிட மோசம்.

ஜுவாங் தன் பையிலிருந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்து, மெஷின் மேல் நிமிர்த்தி வைத்தார்.

“உங்களுக்கு எதுக்கு சார் இந்த அக்கறை?”

“ஓடலைன்னா மெஷின் மேல பழியைப் போட்டுட்டு இன்னும் ஒரு வருஷம் கேப்ப. ஓடட்டும். நல்லா ஓடியும் விக்காதுன்னு நான் சொல்லணும்.”

சேர்மன் வெய் வந்தார். பின்னாலேயே டப்பாச் சாப்பாடும் வந்தது.

பெய்யுன் கைப்பேசியோடு, மெஷினில் இணைத்திருந்த பூட்டை நோக்கி நடந்தாள். ஒரு முழம் இருக்கும்போது பூட்டு திறந்தது. விலகினாள், மூடிக்கொண்டது. மறுபடி நடந்தாள், திறந்தது.

“மத்த வயர்லெஸ் பூட்டை, தூரத்துல நின்னே ஏமாத்தித் திறந்துடுறாங்க, சேர்மன். இந்த சிப் தூரத்தை அளக்கும். பூட்டுக்குச் சொந்தக்காரர் போனோட கிட்ட வந்தாத்தான் திறக்கும்.”

“கிட்ட வந்தவருக்குச் சாவி போடக் கை இல்லையாமா?” பன்றி வறுவலை மென்றபடி கேட்டார் ஜுவாங்.

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள்.

“பூட்டு வரட்டும், அப்புறம் சிப் போடுறேன்னு போன்காரன் சொல்வான். போன் வரட்டும், அப்புறம் போடுறேன்னு பூட்டுக்காரன் சொல்வான். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துட்டே ரெண்டு பேருக்கும் வயசாகிடும்.”

“கார் கம்பெனிங்க விசாரிக்கிறாங்க சார்.”

“விசாரிப்பாங்க. டீ குடிப்பாங்க. போயிடுவாங்க. ஒருத்தனாவது ஆர்டர் கொடுத்தானா?”

பெய்யுன் திரும்பிப் பார்த்தாள். அவள் குழு சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை.

சேர்மன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். “மூடிடலாம். சிப், காப்புரிமை எல்லாத்தையும் யாராவது கேட்டா கொடுத்துடுங்க ஜுவாங். நீங்களே பாத்து முடிச்சிடுங்க. எனக்கு இந்த ரூம் காலியானா போதும்.”

மாலைக்குள் குழுவில் எல்லாருக்கும் கணக்கு முடிக்கப்பட்டது. பெய்யுன் கருவிகளைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜுவாங் வாசலில் வந்து நின்றார்.

“சந்தோஷமா சார்? அத்தனை பேர் வயித்துலயும் அடிச்சாச்சு. இன்னும் என்ன வேடிக்கை?”

“மெஷினை மெதுவா வை. கீழ என் வேன் நிக்குது. எல்லாத்தையும் அதுல ஏத்து.”

“உங்க வேன்லயா? எதுக்கு?”

“நானும் வேலையை விட்டுட்டேன். எல்லாத்தையும் எனக்கே கொடுத்து சேர்மன் கையெழுத்துப் போட்டாச்சு. திங்கக்கிழமை உன் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துடு.”

பெய்யுன் கையிலிருந்த பெட்டியைத் தரையில் வைத்தாள்.

“விக்காது, விக்காதுன்னு நீங்கதானே சொல்லிட்டிருந்தீங்க?”

ஜுவாங் நடைவழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“விக்கும்னு சொல்லியிருந்தா, கிழவன் எனக்குக் கொடுத்திருப்பானா?”