திகதி அழிக்கிற ஸ்கிரிப்ட்

ஊர்காவற்றுறையில் கணினிக் கடை வைத்திருக்கும் நிலாந்தினி, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டிவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள்.

பக்கத்தில், சுருவிலிலிருந்து வந்த கோபிகா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

கோபிகாவின் கணவன் தேனுஜன் வெளிநாட்டில். அவனிடம் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்கு, இருவரும் நெடுநாள் பழகிக் கலியாணம் செய்தவர்கள் என்று காட்டும் படங்கள் வேண்டும். படங்களெல்லாம் ஐபோனில், அதற்கே உரிய கோப்பு வடிவில் எடுத்தவை. விசாத் தளமோ ஜேபெக் வடிவம் தவிர வேறெதையும் ஏற்காது.

ஒவ்வொன்றாக மாற்றினால் பொழுது போய்விடும். மொத்தமாக மாற்ற நிலாந்தினியிடம் இரண்டு ஸ்கிரிப்ட்கள், கணினிக்கான கட்டளைத் தொகுப்புகள், இருந்தன.

ஒன்று வேகமானது. ஆனால் படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த திகதி, இடம் எல்லாவற்றையும் உரித்தெறிந்துவிடும்.

மற்றது மெதுவாக ஓடும். எதையும் தொலைக்காது.

விசாக்காரருக்குத் திகதி முக்கியம் என்று நிலாந்தினி இரண்டாவதைத் தெரிவு செய்திருந்தாள்.

கோப்புறைகளுக்குக் கோபிகாவே பெயர் வைத்திருந்தாள். முதல் சந்திப்பு. நல்லூர். கசூரினா கடற்கரை. மூன்றாம் வருடம்.

"பாரும், ஒரு திகதியும் அழியேல்லை," என்று நிலாந்தினி பெருமையாகத் திரையைத் திருப்பினாள்.

அப்போதுதான் அவளும் பார்த்தாள்.

முதல் சந்திப்பு காலையில். நல்லூர் மத்தியானத்துக்கு முன். மூன்றாம் வருடம் பின்னேரம். எல்லாம் போன ஆவணியில், ஒரே ஞாயிற்றுக்கிழமை. சேலை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

"அவருக்கு லீவு காணாது அக்கா."

நிலாந்தினி தலையாட்டினாள். மாற்றிய படங்களை அழித்தாள். திகதி அழிக்கிற ஸ்கிரிப்டை ஓட்டினாள். சொன்னபடியே அது வேகமாகத்தான் ஓடியது.

பென்டிரைவைக் கழற்றப் போனவளின் கையைக் கோபிகா தடுத்தாள்.

எந்தக் கோப்புறையிலும் சேராமல் ஒரு படம் தனியாகக் கிடந்தது. அதில் தேனுஜன் இல்லை. குசினியில், வீட்டுச் சட்டையோடு, பாதி துருவிய தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு கோபிகா வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

"இது விசாவுக்கில்லை. அவர் பிளேன் ஏறுறதுக்கு முதல் நாள், எனக்குச் சொல்லாமல் எடுத்தது. இதின்ரை திகதியை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ அக்கா."

"ஏன்?"

கோபிகா திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்டைக்குத்தான் எனக்கு அவரைப் பிடிச்சது."