ஒட்டுக்கேட்ட புடவை

அயனம்பாக்கத்தில் அந்த வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியதுமே அகல்யா திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள்.

மாம்பழக் கலர் காட்டன் புடவை. ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது.

தொங்கியது கொடியில் அல்ல, கம்பத்துக்குக் கம்பம் போகிற கறுப்புக் கேபிளில். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அகல்யாவின் ஆபீசிலிருந்து ஏரிக்கரைக் கட்டடம் வரை போகும் ஒளியிழை அது. அதற்குள் ஒளி ஒவ்வொரு துகளாகப் போகும். அதை வைத்து இரண்டு முனைக் கருவிகளும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ளும். நடுவில் எவன் ஒட்டுக்கேட்டாலும், ஏன், கேபிள் வளைந்து ஆடினாலும்கூட, துகள்களின் நிலை குலைந்து, கருவி கூப்பாடு போட்டுவிடும்.

ஒரு வாரமாகத் தினமும் முற்பகலில் கூப்பாடுதான்.

எவனோ ஒட்டுக்கேட்கிறான் என்று மேனேஜர் பரந்தாமன் ஆபீசில் ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டார். இன்றைக்கு வங்கிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் திருப்தியாகப் போகவில்லையென்றால் ஆர்டர் போச்சு, அகல்யாவின் டீமையே கலைத்துவிடுவார்கள். பாவம், வேகாத வெயிலில் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறாள்.

"அக்கா, தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க!"

வீட்டுக்காரி சரசாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னாம்மா, எங்க ஊட்டு மேல போற ஒயரு. கொடி அறுந்துபோச்சு, அதான் இதுல போட்டுக்கினு கீறேன். ஒரு பொடவைல இன்னா முழுகிப்போச்சு?"

அகல்யா கெஞ்சினாள். சரசா முணுமுணுத்துக்கொண்டே புடவையை உருவித் தோளில் போட்டுக்கொண்டாள்.

பரந்தாமனின் போன் வந்தது. கருவி கப்சிப்பென்று ஆகிவிட்டதாம். அகல்யாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. சரசாவைக் கட்டிக்கொண்டு ஆடலாம் போல அப்படி ஒரு சந்தோஷம்.

ஆனால் பரந்தாமன் குசுகுசுவென்று பேசினார். வங்கிக்காரர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்களாம். சும்மா கிடக்கும் கருவியைப் பார்த்து ஒருவர் உதட்டைப் பிதுக்கினாராம். யாராவது லைனில் கை வைத்தால் கண்டுபிடிக்கும் என்கிறீர்களே, எங்கே, வைத்துக் காட்டுங்கள் என்கிறாராம்.

அகல்யா சரசாவைப் பார்த்தாள்.

"அக்கா... அதை மறுபடியும் போடுங்க."

சரசா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மறை கழன்ற கேஸ் என்றே முடிவுகட்டியிருப்பாள். ஆனாலும் போட்டாள். ஏரிக்காற்றில் புடவை படபடவென்று அடித்தது.

போனுக்குள் கருவி வீலென்று அலறியது. அடேங்கப்பா, என்ன கைதட்டல்!

"லைன்ல நிக்கிறது யாரு?" என்று ஒரு குரல் கேட்டது.

"எங்க சீனியர் டெஸ்டர் சார்" என்றார் பரந்தாமன்.

அகல்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சீனியர் டெஸ்டர் பக்கெட்டில் குனிந்து, அடுத்ததை எடுத்து உதறினாள்.

"பாவாடை ஒண்ணு கீது. அத்தயும் போட்டுடவாம்மா?"