எடை மெஷினைத் திருப்பித் தராத ஆள்

"எவன்னு மட்டும் தெரியட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்!"

மருந்துக்கடையில் ஒர்னெல்லா பொரிந்து தள்ளினாள். பக்கத்தில் கணவன் சாந்தோ. தள்ளுவண்டியில் மூன்று மாதக் குழந்தை நிலோ.

"நான் என்ன பண்றது ஒர்னெல்லா? வாடகைக்கு எடுத்துட்டுப் போன ஆள் இன்னும் கொண்டு வரலையே" என்றார் கடைக்கார அம்மா ஃபியமெத்தா.

"ஊருக்கே இருக்கறது ஒரு மெஷின். அதைப் பிடிச்சு வெச்சிருக்கானே, அவனெல்லாம் மனுஷனா?"

"சுத்த சுயநலம்!" என்று சாந்தோவும் சேர்ந்துகொண்டான்.

ஃபியமெத்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

தென் இத்தாலியில், கலாப்ரியா மாநிலத்தின் அந்த மலையூரில், பிள்ளை பிறந்த வீட்டுக்கெல்லாம் எடை மெஷின் இந்தக் கடையிலிருந்துதான் வாடகைக்குப் போகும். பால் குடிக்கும் முன் ஒரு எடை, குடித்தபின் ஒரு எடை. அங்கே எல்லா அம்மாக்களும் செய்வதுதான். ஒர்னெல்லா கூடவே ஏப்பம் விட்டபின் ஒன்று, தும்மியபின் ஒன்று என்று சேர்த்துக்கொண்டாள்.

எல்லாம் டாக்டர் மக்ரி சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை. நிலோவின் எடை பன்னிரண்டாவது பெர்சென்டைல் என்று சொல்லிவிட்டார்.

ஒர்னெல்லா பள்ளிக்கூட டீச்சர். "நூத்துக்குப் பன்னிரண்டா? என் கிளாஸ்ல தூங்கறவன்கூட இதைவிட அதிகம் வாங்குவானே!" என்று அழுதேவிட்டாள்.

"இது மார்க் இல்லம்மா. நூறு குழந்தைங்களை எடைப்படி வரிசையா நிறுத்தினா, உன் பையனுக்குப் பின்னாடி பன்னிரண்டு பேர் நிப்பாங்க. அந்த இடத்துலயும் யாராவது நிக்கணும் இல்லையா? வளர்ச்சி சார்ட்ல தன் கோட்டை விட்டு மளமளன்னு கீழே இறங்கினாத்தான் கவலை. வாரத்துக்கு ஒரு தடவை எடை பார், போதும்."

யார் காதில் வாங்கியது? மாடி வீட்டு இம்மகொலாத்தா வேறு, "எங்க பையன் தொண்ணூறு!" என்று பால்கனியிலிருந்து தினமும் முதல் ரேங்க் வாங்கியது போல அறிவித்துக்கொண்டிருந்தாள். ஒர்னெல்லாவுக்குத் தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. பாலும் குறைந்தது. மெஷினில் படுக்கவைத்தாலே நிலோ வீறிட்டான்.

மூன்று வாரத்துக்கு முன் வாடகையைப் புதுப்பிக்க மெஷினோடு போன சாந்தோ, கைவீசிக்கொண்டு திரும்பினான். வேறு யாரோ சொல்லிவைத்திருந்தார்களாம்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் கடைக்கு வந்து, அந்த முகம் தெரியாத ஆளைத் திட்டிவிட்டுப் போகிறாள் ஒர்னெல்லா.

இன்று கடையிலிருந்து நேரே டாக்டரிடம் போனார்கள். துணியை அவிழ்த்து, நிலோவை எடை போட்டார் மக்ரி. சாந்தோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதே பன்னிரண்டு! கோட்டை விட்டு இம்மி நகரலை. நல்லா வளர்றான்."

சொல்லி முடிப்பதற்குள் நிலோ அவர் சட்டையில் மூத்திரம் பீய்ச்சினான்.

"எடை பார்த்த பிறகுதானே டாக்டர், பரவாயில்லை" என்று ஒர்னெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பன் சுவிட்ச் போடவே ஸ்டூல் தேடறவன். பையன் மட்டும் பயில்வானாவா வருவான்?" என்றார் டாக்டர், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

வெளியே வந்து, தள்ளுவண்டியை மடக்கிக் கார் டிக்கியைத் திறக்கப் போனாள் ஒர்னெல்லா. சாந்தோ பாய்ந்து வந்து மறித்தான்.

"வேண்டாம், வேண்டாம்! பின் சீட்லயே வெச்சுக்கலாம்."

"ஏன், டிக்கியில எடை மெஷின் இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கா?"

சாந்தோவுக்கு முகம் வெளுத்தது.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"நீ ஒளிச்சு வெச்ச மறுநாளே. டயபர் பையைத் தேடி டிக்கியைத் திறந்தேன்."

"அடிப்பாவி! அப்போ வாரா வாரம் கடையில நின்னு திட்டினது?"

"உன்னை எதிர்ல வெச்சுக்கிட்டே திட்டற சுகம் வேற எப்பக் கிடைக்கும்? அதுவும் நீயே ஒத்து ஊதற! பாவம், அந்தம்மாதான் சிரிப்பை அடக்க முடியாம இருமி இருமி..."

சாந்தோ தலையைச் சொறிந்தான். "தெரிஞ்சும் ஏன் எடுத்து எடை போடலை?"

ஒர்னெல்லா நிலோவைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பிள்ளைக்கு ஏதாவது குறை இருக்குன்னு நீ நினைச்சிருந்தா, மெஷினை ஒளிச்சிருக்க மாட்டே. அதைப் பார்த்த அன்னிக்குத்தான் சாந்தோ, நான் நிம்மதியாத் தூங்கினேன்."