மூன்றாம் மாடித் தாழ்ப்பாள்

கண்காட்சியின் இருட்டறையில், சுவர் முழுக்க ஓடும் படத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. குண்டு விழுந்து முன்சுவர் மொத்தமும் பெயர்ந்துபோன கட்டடம். கேமரா அவசரமே இல்லாமல் மாடி மாடியாக மேலே ஏறுகிறது. படமெடுத்தவர் ஓரமாக நின்று, இடிபாடுகளில் வெளிச்சம் விழும் அழகைப் பார்வையாளர்களுக்குத் தணிந்த குரலில் விளக்குகிறார். மூன்றாம் மாடியில் கேமரா நிற்கிறது. பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, கைப்பையை மார்போடு அணைத்தபடி சுவரருகே போகிறாள். அவள் நிழல் பாதிச் சமையலறையை விழுங்குகிறது. "அம்மா, மறைக்குது," என்கிறார் காவலாளி. "எங்க வீடுங்க," என்கிறாள், திரும்பாமல். விளக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. அவள் ஓர் உள்கதவைத் தொடுகிறாள். கதவின் பச்சை அவள் விரல்களில் படிகிறது. "இதைத் திறந்தது நீங்களா?" என்று படமெடுத்தவரைக் கேட்கிறாள். "நான் எதையும் தொடமாட்டேங்க. இருந்தது இருந்தபடிதான் எடுப்பேன்," என்கிறார் அவர், சற்றுப் பெருமையாகவே. "குண்டு போட ஆரம்பிச்ச அன்னிக்கு, அப்பா வரமாட்டேன்னு உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டார். தட்டித் தட்டிப் பார்த்துட்டு நாங்க கிளம்பிட்டோம்." சுவரில் அந்தக் கதவு விரியத் திறந்திருக்கிறது. தாழ்ப்பாள் உடையவில்லை, வளையவுமில்லை; ஒழுங்காகப் பின்னுக்கு இழுத்து விடப்பட்டிருக்கிறது. "அப்ப, எங்க பின்னாலயே கிளம்பியிருக்கார்," என்கிறாள். "படிக்கட்டை எடுத்தீங்களா?" படம் முடிந்து மறுபடி கீழேயிருந்து தொடங்குகிறது. படிக்கட்டு இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் கற்கள் குவிந்து கிடக்கின்றன. கேமரா அந்தக் குவியல்மேல் நெடுநேரம் நிற்கிறது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது.