குரல் தெளிவாகத்தான் வருகிறது

மாலை வெயில் மேஜையின் பாதிவரை வந்து நிற்கிறது. லேப்டாப் திரையில் அக்கா சிரித்தபடி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். அவள் நடுநெற்றியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று சொல்ல ஆரம்பித்த கைகள் அவை. எதிரே தங்கை கண் கொட்டாமல் காத்திருக்கிறாள். இருவருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது, பேச்செல்லாம் கைகளால்தான். வைஃபை பெட்டியில் பச்சை விளக்குகள் ஒரு குறையும் இல்லாததுபோல் மினுக்குகின்றன. புகாரைப் பார்க்க வந்த இன்டர்நெட் கம்பெனிக்காரர் லேப்டாப்பில் ஹெட்போனைச் செருகிக் காதில் வைக்கிறார். "அங்க சத்தம், குரல் எல்லாம் தெளிவா வருதே சார். சாயங்காலம் எல்லாரும் படம் பாக்கற நேரம். லைன்ல நெரிசல் வந்தா வீடியோவை மெதுவாக்கிட்டு குரலுக்கு வழி விட்டுடுவோம். பேச்சுதானே முக்கியம்?" தங்கையின் கணவன் அதை விரல்களால் அவளுக்குச் சொல்கிறான். அவள் கைகள் வெடுக்கென்று பதில் சொல்கின்றன. "நாங்களும் பேசிக்கிட்டுதானே இருக்கோம்னு கேக்கறா," என்கிறான் அவன். கம்பெனிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார், முகம் மாறுகிறது. ஹெட்போனைக் கழற்றி நீட்டுகிறார். கணவன் வாங்கிக் காதில் வைக்கிறான். நாற்காலி நகரும் சத்தம். பிறகு, ஓரிடத்தில்கூட விட்டுப்போகாமல், அக்கா விம்மி விம்மி அழும் சத்தம். திரையில் அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தங்கை திரும்பி, "என்ன?" என்று விரல்களால் கேட்கிறாள். அவன் கைகள் நெஞ்சுக்கு நேரே உயர்ந்து, அங்கேயே நிற்கின்றன.