எட்டாத இடம்

"வீட்ல மருந்து போடுறது யாரும்மா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் நர்ஸ் யூன்.

போங்னே சற்றுத் தயங்கினாள். "வீட்டுக்காரர்தான்."

"நல்லா போட்டார். மருந்து போடச் சொன்னா குளிப்பாட்டியே விட்டிருக்கார்."

தோள்பட்டைகளுக்கு நடுவே இருந்த கட்டியைக் கீறி மூன்று நாள் ஆகியிருந்தது. புண்ணுக்குக் கீழே இடுப்புவரை தோல் சிவந்து வெந்துபோயிருந்தது. உண்மையில் வீட்டுக்காரர் மான்சிக் பக்கத்திலேயே வரவில்லை. சாப்பிடும் குச்சியின் நுனியில் பஞ்சைக் கட்டி, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, போங்னேயே புண்ணை எட்ட முயன்றாள். மேலேயிருந்தும் எட்டவில்லை, கீழேயிருந்தும் எட்டவில்லை. கடைசியில் சிவப்பு மருந்துப் புட்டியைத் தோளுக்கு மேலே கவிழ்த்துவிட்டாள். வழிந்த மருந்து உள்ளாடையில் தேங்கியது. அதன்மேலேயே படுத்துத் தூங்கிவிட்டாள்.

மான்சிக்கிடம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. எத்தனையோ காலமாக அவரிடம் அவள் எதுவுமே கேட்டதில்லை.

முறையை நர்ஸ் யூன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மருந்தைப் பஞ்சில் நனைத்து, நடுவிலிருந்து வெளியே மெல்லிசாகத் தடவ வேண்டும். புட்டியின் வாயில் பஞ்சு படக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகுதான் துணி வைத்து ஒட்ட வேண்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று நுரைக்கிற மருந்தை வேறு அதன்மேல் ஊற்றக் கூடாது. இரண்டு வாரம் கழித்து வந்து காட்ட வேண்டும்.

அன்று மதியம் மான்சிக்கிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர், "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

நாலரை மணிக்கு என்று ஆயிற்று. சிப்பி உடைக்கும் கொட்டகையிலிருந்து அவள் திரும்பும் நேரம் அது.

மறுநாளிலிருந்து மான்சிக் நர்ஸின் தாளைச் சுவரில் ஒட்டிவைத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிவரியாகப் படித்துத்தான் ஒவ்வொன்றையும் செய்தார். நாற்பது வருடம் வலை இழுத்த கை அது. அந்தக் கை பஞ்சைப் பிடித்திருந்த விதத்தைக் கண்ணாடியில் பார்த்து முதல் நாள் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

"படகுக்குச் சாயம் அடிக்கிறீங்களா, ஹேஜின் அப்பா? இப்படி மூச்சைப் பிடிச்சுக்கிட்டு?"

"ஆடாம உட்காரு, ஹேஜின் அம்மா."

அவ்வளவுதான் பேச்சு. மகள் ஹேஜின் கல்யாணமாகித் தலைநகரத்துக்குப் போன பிறகு, இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

மருந்து காயும்வரை அவர் குனிந்து மெல்ல ஊதுவார். அப்படிச் செய்யச் சொல்லித் தாளில் இல்லை. சொல்லப்போனால் செய்யக் கூடாது. இரண்டாம் நாள் அவளே, எச்சில் படும், ஊத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு ஒரு நாளிதழை மடித்து விசிறினார். மனிதக் கை ஒன்று தன்மேல் பட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அந்தக் காற்றில் உட்கார்ந்து அவள் யோசிப்பாள். கொட்டகையில் பதினாறு பெண்கள் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறார்கள். ஒருத்தியும் அவளைத் தொட்டதில்லை.

எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்பாள். இன்னும் ஈரமாக இருக்கிறது என்பார். பத்தாம் நாளும் அதையேதான் சொன்னார். வயதானால் புண் ஆற நாளாகும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். சர்க்கரை வியாதியோ என்று பயமும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து நர்ஸ் யூன் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியாத் தெரியுமா?"

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே பாக்குறார். ஏன், பெருசாயிடுச்சா?"

"புண்ணா? அது மூடி ஒரு வாரம் இருக்கும். மூடின தோல் மேல தினமும் மருந்து போட்டா காஞ்சு உரியத்தான் செய்யும். இன்னியோட நிறுத்தச் சொல்லுங்க. இனிமே தண்ணியும் சோப்பும் போதும்."

படகுத்துறை வழியாக நடந்து வீட்டுக்குப் போகும்போது போங்னேக்கு முதலில் கோபம்தான் வந்தது. சர்க்கரை வியாதி என்று எத்தனை இரவு பயந்தாள்! கேட்டுவிட வேண்டியதுதான் என்று வாக்கியங்களைக்கூடத் தயார் செய்துகொண்டாள். பாதி மேடு ஏறியதும் கால் தானாக நின்றது. கேட்டுவிட்டால், நாளை நாலரை மணிக்கு என்ன இருக்கும்?

அன்று மான்சிக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, புட்டியின் மூடியைத் திருகினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நர்ஸ் என்ன சொன்னா?"

"இன்னும் பத்து நாள் ஆகுமாம்." அவள் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டாள். "ஆனா மருந்து வேண்டாமாம். வெறும் தண்ணியில தொடச்சுட்டு, தினமும் யாராவது ஒருத்தர் பாத்தா போதுமாம்."

அவருடைய கை அப்படியே நின்றது. பிறகு மூடியைத் திரும்ப இறுக்கும் சத்தம் கேட்டது.

"பாத்துக்கலாம்" என்றார்.

ஈரத்துணியால் முதுகை மெல்லத் துடைத்துவிட்டு, மடித்துவிட்டிருந்த தன் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, மான்சிக் வாசலில் செருப்பை மாட்டினார். விவாகரத்தாகிப் பதினோரு வருடம் ஆகிவிட்ட மனைவியின் வீட்டிலிருந்து, தன் தீவுக்குப் போகும் ஆறு மணிக் கடைசிப் படகைப் பிடிக்க.